தினமும் அணிய ஒரு கில்ட்: எடை குறைந்ததைத் தேடாதீர்கள்

கிளாஸ்கோவில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். உடன் பணிபுரிபவரின் திருமணத்துக்காக வாடகைக்கு எடுத்த கில்ட்டை (ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றி அணியும், பின்னால் மடிப்பு வைத்த முழங்காலளவு உடை) ஒரு நாள் முழுவதும் அணிந்ததில் அந்த உடை அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. இனி வார இறுதிகளில், கடைத்தெருவுக்கு, முடிந்தால் அலுவலகத்துக்கும் அணிய சொந்தமாக ஒன்று வேண்டும். எடை குறைவாக இருக்க வேண்டும், வீட்டிலேயே துவைக்க முடிய வேண்டும், இருநூறு பவுண்டுக்குள் அடங்க வேண்டும். ஸ்காட்லாந்துக் குலப்பெயர் எதுவும் இல்லாத தான் எந்த டார்ட்டனை, அதாவது குலத்துக்கு ஒன்றாகச் சொல்லப்படும் கட்டத் துணி வடிவத்தை, அணிவது என்பது கூடுதல் கேள்வி.

கில்ட் தைத்தும் பழுதுபார்த்தும் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூன்று நிபந்தனைகளில் முதலாவதை விட்டுவிடுங்கள். மற்ற இரண்டும் நடக்கும். இலேசான கில்ட்தான் வசதியான கில்ட் என்று புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. கில்ட்டை அதன் இடத்தில் நிறுத்திவைப்பதே பின்பக்க மடிப்புகளின் எடைதான். அது இல்லையென்றால் காற்றில் தூக்கும், நடக்கையில் தொடையில் ஒட்டும், உட்கார்ந்து எழுந்தால் பின்னால் கசங்கி மேலேறி நிற்கும். நாள் முழுக்க ஒரு கை அதை இழுத்துவிடுவதிலேயே இருக்கும். கிளாஸ்கோ தெருமுனைக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எடையைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். முறையான கில்ட்டுக்கு எட்டு கெஜம் துணி என்பது வழக்கம். துணி இரட்டை அகலத்தில் நெய்து வருவதால், நான்கு கெஜம் வாங்கி நெடுக்கில் இரண்டாக வெட்டி இணைத்தால் எட்டு கெஜம் கிடைத்துவிடும். கடையில் 16 அவுன்ஸ், 13 அவுன்ஸ் என்று சொல்வது அந்த இரட்டை அகலத் துணியில் ஒரு கெஜத்தின் எடை. ஆக, 16 அவுன்ஸ் துணியில் எட்டு கெஜ கில்ட் என்றால் துணி மட்டுமே 64 அவுன்ஸ், ஏறத்தாழ 1.8 கிலோ. திருமணத்துக்கும் அணிவகுப்புக்கும் அது கம்பீரம். வெப்பமூட்டிய அலுவலகத்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க அது தண்டனை. அதே கணக்கில் 13 அவுன்ஸ் கம்பளியில் ஐந்து கெஜ கில்ட் 900 கிராம் அளவில் நிற்கும். 11 அவுன்ஸ் துணியில் ஐந்து கெஜம் 800 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒரு ஜீன்ஸ் கால்சட்டையே முக்கால் கிலோ வரும் என்பதை நினைத்துப் பாருங்கள். ஐந்து கெஜ கில்ட் உங்களை அழுத்தப்போவதில்லை. ஆனால் அந்த 11 அவுன்ஸ், ஐந்து கெஜ அளவுக்குக் கீழே இறங்காதீர்கள் என்பேன்.

சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் எடின்பரோ ராயல் மைல் கடைகளில் முப்பது, நாற்பது பவுண்டுக்குத் தொங்கும் கில்ட்டுகளில் பெரும்பாலானவை அக்ரிலிக். கையில் எடுத்தவுடன் மென்மையாக, போர்வை போல இருக்கும். மடிப்பு நிற்காது. சில மாதங்களில் உட்காரும் இடத்தில் உருண்டை உருண்டையாகப் பஞ்சு திரளும். ஒரு நாள் கூத்துக்கு வாங்கலாம்; தினமும் அணிய வேண்டாம்.

உங்கள் தேவைக்கு உண்மையில் இரண்டே துணிகள். ஒன்று, பாலியெஸ்டரும் விஸ்கோஸும் கலந்த துணி. பெரும்பாலும் 65க்கு 35 என்ற விகிதத்தில் வரும். இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில் உள்ள மார்ட்டன் மில்ஸ் இத்தகைய டார்ட்டன்களை நெய்கிறது. பார்வைக்குக் கம்பளிக்கு நெருக்கமாக இருக்கும், இயந்திரத்தில் துவைக்கலாம், பூச்சி அரிக்காது, மழையில் நனைந்தாலும் சீக்கிரம் உலரும். இதில் தைத்த ஐந்து கெஜ கில்ட் உங்கள் இருநூறு பவுண்டுக்குள் கிடைக்கும். இன்னொன்று, 13 அவுன்ஸ் வொர்ஸ்டட் கம்பளி. நீண்ட இழைகளைச் சீவி முறுக்கி நெய்வதால் சாதாரணக் கம்பளிபோல் குத்தாது. சாரல் மழை மேலேயே நிற்கும், வியர்வை நாற்றம் தங்காது, தொங்கவிட்டால் சுருக்கம் தானே விழுந்துவிடும். புதிதாகத் தைத்தால் விலை உங்கள் வரம்பைத் தாண்டும். அதற்கு ஒரு வழி உண்டு; கடைசியில் சொல்கிறேன்.

பலருக்குத் தெரியாத மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தைக்கப்பட்ட பழைய கில்ட்டுகளுக்கு ஏறத்தாழ நான்கு கெஜம் துணிதான் செலவாயிற்று. இன்று நாம் காணும் ஒரே பக்கம் சாய்ந்த கத்தி மடிப்புகள் அவற்றில் இல்லை. இரு பக்கமும் மடிந்த அகலமான பெட்டி மடிப்புகள். இந்தப் பாணியில் இன்றும் சிலர் தைத்துத் தருகிறார்கள். நான்கு கெஜம் என்பதால் 16 அவுன்ஸ் கனத் துணியையே பயன்படுத்தலாம். மொத்த எடையோ, 13 அவுன்ஸ் ஐந்து கெஜத்தின் அதே 900 கிராம்தான். துணி கனம் என்பதால் தொங்கல் அருமையாக இருக்கும், பின்னால் அடுக்குகள் குறைவு என்பதால் உட்காரச் சுகம். காசு ஒரு பொருட்டில்லை என்றால் தினசரி உடுப்பாக இதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

துணியைவிட முக்கியமானது அளவு. கில்ட்டை ஜீன்ஸ் அளவு சொல்லி வாங்குபவர்கள் பாதிப் பேர் மாற்றித் தரும்படி திரும்பி வருகிறார்கள். ஜீன்ஸ் நிற்பது இடுப்பெலும்பின் மேல். கில்ட்டின் வார்களை இறுக்குவது தொப்புள் உயரத்தில், விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே உள்ள பள்ளத்தில். சட்டையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் டேப்பை வைத்து, வயிற்றை உள்ளே இழுக்காமல் அளக்க வேண்டும். ஜீன்ஸ் பட்டையில் 34 என்று இருப்பவருக்கு இங்கே 36, 37 வருவது சாதாரணம். கொஞ்சம் தொப்பை உள்ளவர்கள் தாழ்த்திக் கட்டினால்தான் சௌகரியம் என்று நினைத்து, வயிற்றுக்குக் கீழே நிற்கும் மாடலை எடுக்கிறார்கள். அதில் முன்பக்கம் சரிந்து பின்பக்கம் தூக்கும். தொப்புளில் கட்டும் கில்ட்தான் தொப்பைக்காரர்களுக்கும் பொருந்தும்.

அடுத்தது புட்டத்தின் மிக அகலமான இடத்துச் சுற்றளவு. இதைத்தான் எல்லோரும் அலட்சியப்படுத்துகிறார்கள். கில்ட்டின் பின்பக்க மடிப்புகள் இடுப்பிலிருந்து அந்த இடம் வரைக்கும் தைத்து அமர்த்தப்பட்டிருக்கும். அதற்குக் கீழேதான் விரியும். இடுப்பளவை வாரின் துளைகளால் ஓரிரு அங்குலம் கூட்டிக் குறைக்கலாம். தைத்த பகுதியை பக்கிளால் எதுவும் செய்ய முடியாது. அங்கே பிடித்தால் மடிப்புகள் பின்னால் வாய் பிளந்து நிற்கும். தளர்ந்தால் முன்மடல் தொளதொளவென்று தொங்கும். ஆகவே சிறியது, நடுத்தரம், பெரியது என்று மட்டும் போட்டு விற்பவற்றைத் தவிர்த்து, இடுப்பு, புட்டம், நீளம் ஆகிய மூன்று அளவுகளையும் கேட்டுத் தைத்துத் தருபவரிடம் வாங்குங்கள்.

நீளத்தை நீங்களே அளக்காதீர்கள். குனிந்து டேப்பைப் பார்த்த கணமே அளவு மாறிவிடும். தரையில் முழங்காலிட்டு முதுகை நேராக வைத்து நில்லுங்கள். தரையிலிருந்து தொப்புள் வரை இன்னொருவர் அளக்கட்டும். அதில் ஓர் அங்குலம் கழித்தால் உங்கள் கில்ட்டின் நீளம் வந்துவிடும். சராசரி உயரமுள்ள ஆணுக்கு அது 23 முதல் 25 அங்குலத்துக்குள் அமையும். எழுந்து நின்றால் கீழ் ஓரம் முழங்கால் சில்லின் மேல்பகுதியில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் படியேறும்போது காலில் தட்டும். மழையிலோ ஓரம் நனைந்து முழங்காலின் பின்புறத்தை உரசிக்கொண்டே இருக்கும். முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் என்ற மலைப்பகுதிப் படைவீரர்கள் பட்ட பாடு இதுதான்: சேற்றில் ஊறிக் குளிரில் விறைத்த கில்ட் ஓரம் அவர்களுடைய கால்களை அறுத்தது. மாநகரத்தில் உங்களுக்கு அந்த நிலைமை வராது என்றாலும், ஓர் அங்குலம் குறைவாக இருப்பது கூடுதலாக இருப்பதைவிட எப்போதும் மேல்.

வாங்கும் முன் கில்ட்டை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் பாருங்கள். வெளியே எல்லாம் அழகாகத்தான் இருக்கும். வேலை உள்ளேதான் தெரியும். பின்பக்க மேல்பகுதியில் லைனிங்குக்கு அடியில் விறைப்பான கேன்வாஸ் வைத்திருக்கிறார்களா என்று விரலால் தடவினால் தெரியும். வார்களை இழுத்து இறுக்கும்போது ஏற்படும் இழுவிசையை அந்தக் கேன்வாஸ்தான் தாங்குகிறது. அது இல்லாத கில்ட்டில் இழுவிசை முழுவதும் மடிப்புத் தையலுக்குப் போகும். நாள்பட நாள்பட ஊசி இறங்கிய துளைகள் வரிசையாக நீண்டு வாய் திறப்பதை வெளிச்சத்தில் பிடித்தால் பார்க்கலாம். நல்ல வேலைப்பாடு என்றால் தைத்த பகுதியில் மடிப்புகளின் உள் துணியை வெட்டி நீக்கியிருப்பார்கள். இல்லாவிட்டால் முதுகின் அடிப்பகுதியில் பல அடுக்குத் துணி மூட்டையாக உட்கார்ந்து வியர்க்கும். பிறகு கீழ் ஓரம். நல்ல கம்பளி கில்ட்டுக்கு ஓரம் மடித்துத் தைக்கப்பட்டிருக்காது. நெய்த கரையே ஓரமாக இருக்கும். மடித்துத் தைத்த ஓரம் மடிப்புகளைத் தடித்துக் காட்டும். கலப்புத் துணியில் இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம்.

வெல்க்ரோ வைத்த கில்ட்டுகளும் உண்டு. ஓடவும் ஆடவும் அவை வசதி, விலையும் மலிவு. ஆனால் தினமும் திறந்து மூடினால் அதன் பிடி தளரும், துவைக்கும்போது நூலும் முடியும் சிக்கிக்கொள்ளும். தோல் வாரும் பக்கிளும் இருந்தால் மதிய உணவுக்குப் பிறகு ஒரு துளை தளர்த்திக்கொள்ளலாம். இடதுபுறம் ஒன்று, வலதுபுறம் ஒன்று போதும். சம்பிரதாயமான கில்ட்டுகளில் வலது பக்கத்தில் சற்றுக் கீழே மூன்றாவதாக ஒரு வார் இருக்கும். அது முன்மடலை நேராக நிறுத்த மட்டுமே. அதை இறுக்கினால் உட்காரும்போதெல்லாம் தொடையெலும்பில் குத்தும்.

லுங்கி கட்டிப் பழகிய நமக்கு இது கைவந்த கலை என்று தோன்றும். காற்றோட்டமும் கால் அகட்டி நடக்கும் சுதந்திரமும் பழக்கமானவைதான். ஆனால் மாடிப்படியைக் கண்டதும் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி மடித்துக் கட்டக் கை போகும் பாருங்கள், அதை மட்டும் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். உட்காருவதற்கும் ஒரு முறை உண்டு. நாற்காலிக்கு முதுகைக் காட்டி நின்று, புறங்கையால் பின் மடிப்புகளை மேலிருந்து கீழாக ஒரு முறை நீவிக்கொண்டே உட்கார வேண்டும். பிறகு முன்மடலைத் தொடைகளுக்கு நடுவே தாழ விட்டு, ஸ்போரன் என்ற இடுப்புப் பையை அதன்மேல் இறக்கிவிட்டால் எதிரே இருப்பவர் கண்களை வேறு பக்கம் திருப்ப வேண்டியிருக்காது. உள்ளாடை விஷயத்தில், கில்ட்டுக்குள் படைவீரர்கள் எதுவும் அணிவதில்லை என்ற பழைய கேலிப்பேச்சை நம்பி விஷப்பரீட்சையில் இறங்காதீர்கள். தினசரி உடுப்பு, கருநிறத்தில் சற்று நீளமான உள்ளாடை போட்டுக்கொள்ளுங்கள். கோடையில் மேற்கு ஹைலேண்ட்ஸ் பக்கம் நடக்கப் போனால், மிட்ஜ் என்ற கொசுவினும் சிறிய கடிபூச்சிகளே இதற்கான காரணத்தை விளக்கிவிடும். புல்வெளியில் நடந்து திரும்பியதும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று கால்களைப் பார்த்துவிடுங்கள். லைம் நோய் அதன் வழியாகத்தான் பரவுகிறது.

டார்ட்டன் விஷயத்துக்கு வருகிறேன். எந்த டார்ட்டனை யார் அணியலாம் என்று சட்டம் எதுவும் இல்லை. ஸ்காட்லாந்து டார்ட்டன் பதிவேடு 2009 முதல் இயங்குகிறது. வடிவங்களைப் பதிந்து வைப்பது அதன் வேலை, அணிபவரைச் சோதிப்பது அல்ல. பால்மோரல் டார்ட்டன் அரச குடும்பத்துக்கு என்பது மரபாகக் காக்கப்படுகிறது. அதை மட்டும் விட்டுவிடுங்கள். குலத்துக்கு ஒரு டார்ட்டன் என்ற ஒழுங்கே பெரும்பாலும் 1822இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்துபோனதை ஒட்டிய காலத்தில்தான் கெட்டிப்பட்டது. குலம் எதையும் சாராதவர்களுக்கு பிளாக் வாட்ச், கலிடோனியா, ஹண்டிங் ஸ்டூவர்ட் ஆகியவை காலங்காலமாக இருக்கின்றன. ஊர்களுக்கென்றும் டார்ட்டன்கள் உண்டு. கிளாஸ்கோவில் வாழும் நீங்கள் கிளாஸ்கோ டார்ட்டன் அணிந்தால் ஒருவரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். தினசரி உடுப்பு என்ற கோணத்தில் என் வாக்கு பிளாக் வாட்சுக்கு. கரும்பச்சையும் கருநீலமும் என்பதால் தேநீர் சிந்தினாலும் தெரியாது, எந்தச் சட்டைக்கும் ஒத்துப்போகும், அலுவலகத்திலும் கண்ணைப் பறிக்காது. கட்டமே வேண்டாம் என்றால் ட்வீட் என்ற தடித்த கம்பளித் துணியில் ஒரே நிறத்திலும் தைத்துத் தருகிறார்கள்.

பைகள் வைத்த பருத்தி கில்ட்டைப் பற்றியும் நிச்சயம் யோசித்திருப்பீர்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய யூட்டிலிகில்ட்ஸ் நிறுவனம் இதைப் பரவலாக்கியது. கனமான பருத்தித் துணி, பக்கவாட்டில் பெரிய பைகள், முன்னால் அழுத்துப் பொத்தான்கள். தச்சு வேலை, தோட்ட வேலை, மேடை அமைப்பு என்று கருவிகளோடு திரிபவர்களுக்கு நல்ல உடை. உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பருத்தி நனைந்தால் கனக்கும், எளிதில் உலராது. கிளாஸ்கோவில் இது சின்னக் குறை அல்ல. ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் மடிப்புகளை ஒவ்வொன்றாக இஸ்திரி போட வேண்டும். பக்கவாட்டுப் பையில் போனும் சாவிக்கொத்தும் போட்டால் ஒவ்வோர் அடிக்கும் தொடையில் வந்து மோதும். எளிய தோல் ஸ்போரன் ஒன்று வாங்கிக்கொண்டால் போன், பர்ஸ், சாவி எல்லாம் அதில் அடங்கிவிடும். குஞ்சமும் வெள்ளிப் பூண் வேலையும் உள்ளவை விருந்துக்கு, அவற்றைத் தொடாதீர்கள்.

மற்ற உடுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கணுக்கால் உயரத் தோல் பூட்ஸ், அதன்மேல் சுருட்டிவிட்ட தடித்த காலுறை, மேலே இடுப்போடு முடியும் ஸ்வெட்டர். கவனிக்க வேண்டியது அந்த நீளத்தை மட்டும்தான்: வழக்கமான கோட் புட்டத்தை மறைத்து இறங்கி கில்ட்டின் பாதியை விழுங்கிவிடும். கில்ட்டோடு அணியும் கோட்டுகளைக் குட்டையாக வெட்டுவது இதனால்தான். அலுவலகத்துக்கு என்றால் முழங்காலுக்கு இரண்டு விரற்கடை கீழே மடித்த காலுறையும் சாதாரண ஷூவும் போதும். முன்மடலில் கில்ட் ஊசி குத்துவதானால் மேல் மடலில் மட்டும் குத்துங்கள். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி கிழியும். காலுறையில் செருகும் ஸ்கியன் டூ என்ற சிறு கத்தி தினசரி உடுப்பில் தேவையே இல்லை.

கலப்புத் துணி கில்ட்டைத் துவைக்கும் முன், மடிப்புகளைக் கீழ் ஓரத்துக்கு அருகே பெரிய பெரிய ஓட்டுத் தையல் போட்டுப் பிடித்துவிடுங்கள். பக்கிள்களைப் பூட்டி, வலைப்பையில் போட்டு, குளிர்ந்த நீரில் மென்மையான சுழற்சியில் துவைத்து, கிளிப் வைத்த ஹேங்கரில் தலைகீழாக அல்லாமல் இடுப்புப் பக்கம் மேலே இருக்கும்படி தொங்கவிடுங்கள். ஈரத்தின் கனமே மடிப்புகளை இழுத்து நேராக்கிவிடும். உலர்ந்ததும் தையலை உருவிவிடலாம். உலர்த்தும் இயந்திரத்தில் மட்டும் போடாதீர்கள். கம்பளி கில்ட்டுக்கு இத்தனை பாடு இல்லை: அணிந்த நாள் இரவு திறந்த இடத்தில் தொங்கவிடுங்கள், கறை பட்டால் அந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றுங்கள், ஆண்டுக்கு ஒரு முறை உலர்சலவைக்குக் கொடுத்தால் போதும்.

கம்பளிக்கு ஒரு வழி சொல்கிறேன் என்றேன் அல்லவா? வாடகைக் கடைகள் பழைய கில்ட்டுகளை அவ்வப்போது கழித்து விற்கும். பலரும் அணியட்டும் என்று உறுதியாகத் தைக்கப்பட்டவை. வார்களில் துளைகளும் தாராளமாக இருக்கும். புதிய கம்பளி கில்ட்டின் விலையில் ஒரு பகுதிக்கே கிடைத்துவிடும். நன்கொடையாக வந்த பழைய பொருட்களை விற்கும் கிளாஸ்கோ, எடின்பரோ தர்மக் கடைகளிலும் கண்ணில் படும். வாங்கும்போது புட்டத்தின் சுற்றளவும் நீளமும் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இடுப்பு ஓரிரு அங்குலம் பிசகினால் பக்கிளை நகர்த்தித் தைத்துவிடலாம், அது ஒரு மணி நேர வேலை. மற்ற இரண்டும் பிசகினால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். துணியை ஜன்னலுக்கு நேரே பிடித்து, மடிப்புகளுக்குள்ளும் விரித்துப் பாருங்கள். அந்துப்பூச்சி ஒளிந்து தின்பது அங்கேதான். துளை இல்லாவிட்டாலும் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு அதன்பிறகு அலமாரியில் சேருங்கள்.